டிரைவருக்கு வந்த மோட்டார் வியாதி

மேற்பிரிவு,
ஹல்துமுல்லை.
செப்டெம்பர் 14

அன்பு மகன் விஜேந்திரனுக்கு அம்மா எழுதுவது,

அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி தயானியும் இங்கே சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் காய்ச்சல் தடிமன் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கிற காலத்தில் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ அழ ஆரம்பிக்கிறாய், இல்லாவிட்டால் சத்தம் போடுகிறாய், மூன்றாவது வார்த்தைக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். உன்னோடு மேசை நாற்காலி செய்கிற பெக்டரியில் இருக்கிற பண்டாரவளை மர்ஸூக் தம்பி லீவு முடிந்து வியாழக்கிழமை ருமேனியாவுக்குத் திரும்புகிறாராம், அவர் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு பார்சல், அதில் மிளகாய்த்தூள், நாரத்தங்காய் ஊறுகாய், கருவாட்டுப் பொடி, நம் தோட்டத்து ஸ்டோர் தேயிலை ஒரு கிலோ எல்லாம் இருக்கிறது. கருவாட்டுப் பொடியை நாலு பையில் சுற்றியிருக்கிறேன், பிளேனில் மணக்காது என்று தயானி சொன்னாள், மணந்தால் மர்ஸூக் தம்பியிடம் நீ மன்னிப்புக் கேட்டுக்கொள். ஒன்று மட்டும் செய், கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் போனைக் கையில் எடு.

முதலில் உன் கோபத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் நீ போனில் கேட்டாய், "அப்பாவ விட்டுட்டீங்களாம்மா?" என்று. அந்த வார்த்தை இத்தனை நாளும் என் நெஞ்சில் முள் மாதிரி இருந்தது. உன்மேல் தப்பில்லை, நீ போகும்போது பார்த்த அப்பா வேறு. தோட்டத்து லொறியை முப்பத்தோரு வருஷம் கொழும்புக்கும் இங்கேயுமாக ஓட்டிய மனிதர், உன் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தவர். நீ ஏறிப் போய் நாலு மாதம்கூட ஆகவில்லை, லொறிச் சாவியைத் திருப்ப விரல் வரவில்லை என்றார். குளிராக இருக்கும் என்று நான் தைலம் தேய்த்தேன். பிறகு கிளட்ச் மிதிக்கக் கால் வரவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்து, கரண்ட் வைத்துப் பார்த்து, மோட்டார் நியூரோன் நோய் என்று சொன்னார். உடம்பை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வரும், அறிவுக்கும் கண்ணுக்கும் ஒன்றும் ஆகாது, குணமாக்க மருந்து இல்லை என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, "டிரைவருக்கு மோட்டார் வியாதி வராம வேற என்ன வியாதிங்க வரும்?" என்று அந்த டொக்டரிடமே கேட்டார். டொக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது அவருக்குப் பேச்சு இருந்தது. போன தீபாவளிக்குள் அந்தப் பேச்சும் போய்விட்டது, இதெல்லாம் உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், உன்னைப் பயப்படுத்த வேண்டாம் என்று நாங்களும் பாதியை மறைத்தோம். அது எங்கள் தப்பு.

மாசியில் ஒருநாள் காலையில் தோசைத் துண்டு தொண்டையில் அடைத்து, முகம் நீலமாகி, தயானியும் நானும் முதுகில் தட்டித் தட்டி ஒருவழியாக அது வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் அஞ்சு நாள் வைத்திருந்து அனுப்பும்போது ஒரு கடிதம் கொடுத்தார்கள். நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று அதில் எழுதியிருந்ததைத் தயானி படித்துச் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று பக்கத்து லயத்து வீடுகளில் கேட்டேன், கை கழுவிவிடுகிறவர்களுக்குத்தான் அப்படி எழுதிக்கொடுப்பார்கள் என்றார்கள். அன்றைக்குத்தான் நீயும் போன் எடுத்து, கொழும்புக்குக் கொண்டு போங்க, மிஷினில் போடச் சொல்லுங்க என்று சத்தம் போட்டாய். எனக்கு யாரை நம்புவது என்றே தெரியவில்லை. நாலாம் நாள் மழையில், அந்தக் கடிதத்தில் எழுதியிருந்த பராமரிப்புக்கென்று ஒரு டொக்டரம்மா நம் வீட்டுப் படியெல்லாம் ஏறி வந்து நிற்கிறார், கூட ஒரு ஆண் நர்ஸ். டொக்டரம்மா பேர் தர்மிளா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நர்ஸ் தம்பி பேர் நப்ரீஸ், வெலிமடைப் பக்கம். நான் வாசலை மறித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு இன்னும் சாகலைங்க, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை கோபப்படவே இல்லை. "அம்மா, நான் ஆரையும் சாகடிக்க வரேல்லை. முதல்ல என்ரை கால்ல ஏறியிருக்கிற அட்டையைக் கழட்டி விடுங்கோ, பிறகு ஒரு தேத்தண்ணி தந்தீங்களெண்டா இருந்து கதைப்பம்" என்றார். பார்த்தால் முழங்காலுக்குக் கீழே மூன்று அட்டை. உப்பை எடுத்து வந்து தேய்த்துவிட்டேன். அட்டை கடித்த காலோடு நிற்கிற பிள்ளையிடம் எப்படிச் சண்டை போடுவது, சொல்.

உள்ளே வந்து அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கண்ணுக்கு நேராகப் பார்த்து, "ஐயா, இப்ப உங்களுக்குப் பெரிய கரைச்சல் என்ன?" என்று கேட்டார். ஒன்றரை வருஷமாக எத்தனையோ பேர் வந்தார்கள், எல்லாரும் என்னிடம்தான் கேட்டார்கள், எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று. அவரிடமே கேட்டது அந்தப் பிள்ளைதான். அப்பாவுக்கு ஆம் என்றால் கண்ணை மேலே தூக்குவார், இல்லை என்றால் கீழே இறக்குவார், அவ்வளவுதான் முடியும். டொக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார், வலியா, தூக்கமா, மூச்சா என்று. எச்சில் வழிவதா என்றதும் கண் மேலே போய் அங்கேயே நின்றது. வலியைவிட, வருகிறவர்கள் முன்னால் வாயிலிருந்து எச்சில் வழிவதுதான் அவருக்குப் பெரிய வேதனையாக இருந்திருக்கிறது தம்பி, முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்த எனக்கு அது தெரியவில்லை. டொக்டரம்மா என்னிடம் திரும்பி, "வருத்தத்தை மாத்த என்னட்டை மருந்து இல்லை அம்மா. ஆனா எச்சிலுக்கு இருக்கு, கால் பிடிக்கிறதுக்கு இருக்கு, மூச்சு முட்டேக்கை வாற பயத்துக்கு இருக்கு. அதெல்லாத்தையும் செய்வம்" என்றார். நாக்குக்குக் கீழே விடுகிற சொட்டு மருந்தில் மூன்றாம் நாளே எச்சில் குறைந்தது. கழுத்து தொங்காமல் இருக்க ஒரு பட்டி வந்தது, முதுகுக்கு எங்கே எப்படித் தலையணை வைப்பது என்று நப்ரீஸ் தம்பி காட்டிக்கொடுத்தார். மூச்சு முட்டும்போது கொடுக்க மோர்பின் மருந்து கொஞ்சமே கொஞ்சம் கொடுத்தார்கள், பேரைக் கேட்டுப் பயந்தேன், ஆனால் அதைக் கொடுத்தால் அவர் மயங்கவில்லை, பயம்தான் போகிறது. என்னையும் விடவில்லை. எனக்கு முதுகு வலிக்கிறது என்று தெரிந்துகொண்டு ஆளைத் தூக்குகிற விதத்தைச் சொல்லித்தந்தார்கள், புதன்கிழமை பகலில் தயானியிடம் அப்பாவை விட்டுவிட்டு நான் வெளியே போயே ஆகவேண்டும் என்று உத்தரவு. முதல் புதன் எங்கே போவது என்று தெரியாமல் ஹல்துமுல்லை பஸ் நிறுத்தத்தில் ஒரு மணிநேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். இப்போது பழகிவிட்டது, போன புதன் பண்டாரவளைக்குப் போய் வளையல் வாங்கினேன், தயானி சிரிக்கிறாள்.

சிரிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த வியாதிக்காரர்களுக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பும் அழுகையும் வருமாம், அதுவும் நரம்பு செய்கிற வேலைதான். இது தெரியாத காலத்தில் கோயில் கமிட்டித் தலைவர் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாடசாமியண்ணே, ஒங்கள இந்தக் கோலத்தில பாக்கவா நான் உசுரோட இருக்கேன்" என்று சொல்ல, உன் அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார், அந்த மனிதர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். வியாதி சிரித்ததா அப்பா சிரித்தாரா என்று டொக்டரம்மாவிடம் கேட்டேன், அது உங்களுக்குத்தான் தெரியும் என்றார். உண்மைதான், எனக்கு இப்போது தெரிகிறது. வாய் மட்டும் சிரித்தால் அது வியாதி. கண்ணும் சேர்ந்து சிரித்தால் அது உன் அப்பா. அன்றைக்குக் கமிட்டித் தலைவரைப் பார்த்துச் சிரித்ததில் பாதிக்கு மேல் அப்பாதான் என்று எனக்குச் சந்தேகம்.

பேசுவதற்கு நப்ரீஸ் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கம் எழுத்துக்களை வரிசை வரிசையாக எழுதி, நாம் ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துக்கொண்டே போக வேண்டும், சரியான வரிசை வந்ததும் அப்பா கண்ணை மேலே தூக்குவார், பிறகு அந்த வரிசையில் ஒவ்வொரு எழுத்தாக. தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து இருக்கிறதே, எல்லாவற்றையும் எழுதினால் கலண்டர் போதாது, சுவரில்தான் எழுத வேண்டும் என்று தயானி வாத்தியாரம்மா தோரணையில் சண்டை பிடித்தாள், பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள் அல்லவா. கடைசியில் அ முதல் ஔ வரை ஒரு பக்கம், க முதல் பதினெட்டு எழுத்து ஒரு பக்கம், புள்ளியும் கொம்பும் சுழியும் நாமே யோசித்துப் போட்டுக்கொள்ள வேண்டியது என்று முடிவானது. முதல் நாள் அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். உ என்றார், ப என்றார். உபயம் என்று நான் முடிவு கட்டி, திருவிழா உபயமா, இந்த வருஷமும் நாமே செய்கிறோம் என்று சத்தியம் பண்ணிக் கொடுக்கிறேன், அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தயானிதான் கண்டுபிடித்தாள், "அம்மா, உப்பு! கஞ்சியில உப்பு இல்லயாம்!" நாலு மாதமாகப் பேசாமல் இருந்த மனிதர் முதல் வார்த்தையாக என் சமையலைக் குறை சொன்னார். அன்றைக்கு நான் சந்தோஷத்தில் அழுதேன், கஞ்சியில் உப்பும் போட்டேன்.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படி. ஆனி மாதம் டொக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, இனி விழுங்குவதும் மூச்சும் இன்னும் குறையும், அதற்கு என்னென்ன செய்யலாம் என்று சொல்லத் தொடங்கினார். அவருக்கு முன்னால் வேண்டாம், வெளியே வாங்க என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். "அவரின்ரை மூச்சு அம்மா, அவரைக் கேக்காம ஆரைக் கேக்கிறது?" என்றார். நான் கையை விட்டுவிட்டேன். வயிற்றில் சின்னக் குழாய் வைத்து அதன் வழியாகச் சாப்பாடு கொடுக்கலாம், தூங்கும்போது மூச்சுக்கு உதவியாக முகத்தில் மாஸ்க் போட்டுக்கொள்ளலாம், அதுவும் போதாமல் போகிற காலத்தில் தொண்டையில் துளை போட்டு நிரந்தரமாக மிஷினோடு இணைக்கலாம், ஒன்றும் வேண்டாம் என்றாலும் மூச்சு முட்டாமல் அமைதியாக வைத்திருக்கத் தங்களிடம் மருந்து இருக்கிறது என்று எல்லாவற்றையும் நல்லதும் கெட்டதுமாகச் சொன்னார். நீ கேட்ட மிஷின் இதுதான் தம்பி. கேட்டால் கொழும்புக்கு அனுப்பி அதைச் செய்ய ஏற்பாடு பண்ணுகிறேன் என்றும் சொன்னார், யாரும் ஒளிக்கவில்லை. மாஸ்க்குக்கு அப்பா உடனே கண்ணைத் தூக்கினார். குழாய்க்கு மூன்று நாள் யோசித்துச் சரி என்றார். தொண்டைத் துளைக்குக் கண் கீழே போனது. டொக்டரம்மா அன்றைக்குக் கேட்டார், அடுத்த வாரம் கேட்டார், அதற்கு அடுத்த வாரமும் வந்து வேறு மாதிரி கேட்டார், மூன்று தடவையும் கண் கீழேதான். ஏன் ஐயா என்று கேட்டதற்கு அரை மணிநேரம் எடுத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "லொறியை நான் ஓட்டினேன். லொறி என்னை ஓட்ட வேண்டாம்."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். வீட்டுக்குப் பின்னால் தண்ணி விழுகிற பீலியடியில் போய் நின்று அழுதேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி முடிவு செய்யலாம் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, பேச முடியாத மனிதரோடு நான் பேசாமல் இருந்தேன் பார், அப்படி ஒரு பைத்தியம். மூன்றாம் நாள் உடம்பு துடைத்துவிடும்போது மட்டைப் பக்கம் கண்ணைக் காட்டினார். ர என்றார், ங என்றார், பிறகு க. கலியாணமான புதிதில் யாரும் இல்லாதபோது ரெங்கு என்று கூப்பிடுவார், பிள்ளைகள் வந்த பிறகு அந்தப் பேரே போய்விட்டது. நான் என்ன என்று கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை, பேரைக் கூப்பிடத்தான் கூப்பிட்டாராம். அதற்குப் பிறகு எனக்கு அவரோடு சண்டை இல்லை. குழாய் வைக்கப் பதுளையில் மூன்று நாள் இருந்தோம், நல்லபடியாக முடிந்தது. இப்போது சாப்பாடு அந்த வழிதான், உடம்பும் கொஞ்சம் தேறியிருக்கிறது. ஆனாலும் வாய் ருசி விடவில்லை, கருவாட்டுக் குழம்பைத் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்லித் தினமும் மட்டையில் சட்டம் போடுகிறார். கொஞ்சம் வைக்கலாம் என்று டொக்டரம்மா அனுமதி தந்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். ஐயா, உங்களுக்கு என்ன ஆசை என்று டொக்டரம்மா கேட்டதற்கு, முன் சீட் என்றாராம். கோயிலுக்குப் போகவேண்டும் என்பார், உன்னைப் பார்க்கவேண்டும் என்பார் என்று நினைத்தால், வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து மலை ரோட்டில் போகவேண்டுமாம். நான் முடியவே முடியாது என்றேன். நப்ரீஸ் தம்பி தன் லீவு நாளில் கூட வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தேன். ஹல்துமுல்லையில் வேன் ஓட்டுகிற புஹாரியிடம் சொன்னோம், மாடசாமியண்ணன் ஏறுவதென்றால் வேனைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சாம்பிராணி எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். லயத்து ஆட்கள் நாலு பேர் நாற்காலியோடு அப்பாவைத் தூக்கிக்கொண்டு படி இறங்க, சாமி புறப்பாடு மாதிரி பெண்கள் எல்லாம் வாசலில் வந்து நின்று குலவை போட்டார்கள், அப்பா கண்ணால் சிரிக்கிறார். என் பழைய சேலையால் சீட்டோடு சேர்த்துக் கட்டி, கழுத்துப் பட்டியைப் போட்டு, மட்டையை என் மடியில் வைத்துக்கொண்டு, நானும் நப்ரீஸ் தம்பியும் பின்னால், தயானி எங்களுக்கும் பின்னால். பெரகலைக்கு ஏறுகிற ரோட்டில் நாலாவது முடக்கில் வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் ஒரு நீளமான லொறி, முடக்கில் திரும்ப முடியாமல் மூக்கை மலைப் பக்கம் கொடுத்துக்கொண்டு நிற்கிறது, மேலேயிருந்து வந்த பஸ் அதற்கு எதிரே. ஆளாளுக்கு இறங்கி முன்னால எடு, வலது பக்கம் ஒடி என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்துகிறார்கள், ஹோர்ன் சத்தம் காதைப் பிளக்கிறது. இவருக்கு இப்படி உட்கார முடியாதே, திரும்பிப் போகவும் வழியில்லையே என்று நான் பின்னாலிருந்து அவர் தலையைப் பிடித்துக்கொள்கிறேன்.

அப்பா அந்த லொறியைப் பார்க்கவே இல்லை. கண் இடது பக்கத்துப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மட்டைக்காகத் தேடியது. நான் எட்டி முன்னால் காட்டினேன். ம, த, க. மூன்றே எழுத்து. மதகு என்று நான் சத்தமாகச் சொன்னேன், கண் மேலே போனது. புஹாரி இறங்கிப் போய் மானாப்புல்லை விலக்கிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்துகிறார், "அக்கா, இருக்குங்க! கல்லு மதகு, பக்கத்துல நல்ல அகலமான தரை! புல்லு மூடியிருக்கு!" லொறியின் வாலை அந்தத் தரையில் ஏற்றிக்கொண்டால் முன்பக்கம் திரும்ப இடம் கிடைக்கும். அந்தச் சிங்கள டிரைவருக்கு நம்பிக்கை வரவில்லை, யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டு நம் வேனுக்கே வந்துவிட்டார். சேலையால் கட்டி வைத்திருக்கிற மனிதரைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். நப்ரீஸ் தம்பி சிங்களத்தில் சொன்னார், இவர் முப்பத்தோரு வருஷம் இந்த ரோட்டில் லொறி ஓட்டியவர், வாயால் பேச முடியாது, நீங்களே கேளுங்கள், கண்ணைத் தூக்கினால் ஆம் என்று அர்த்தம். டிரைவர் குனிந்து அப்பாவிடமே கேட்டார், பின்னால் விட்டால் தாங்குமா என்று. கண் மேலே போனது. எங்கள் வாகனங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்க, லொறி மெல்ல மெல்ல வந்து வாலை மதகுப் பக்கம் ஏற்றி, ஒரே திருப்பு, மூக்கு நேராகிவிட்டது. ரோட்டில் நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். அந்த டிரைவர் லொறியை ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்து, "பொஹொம ஸ்துதி மஹத்தயா" என்று சிங்களத்தில் நன்றி சொல்லிக் கும்பிட்டு, மரக்கறி ஏற்றியிருந்த லொறியிலிருந்து ஒரு பெரிய முட்டைக்கோவாவை எடுத்து அப்பா மடியில் வைத்துவிட்டுப் போனார். அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் தம்பி. அந்தக் கோவாவை மடியில் வைத்துக்கொண்டேதான் அப்புத்தளை வரைக்கும் வந்தார், எடுக்க விடவில்லை. அங்கே பனி மூட்டத்தில் கடை வாசலில் நிறுத்தி, அந்தக் குளிரில் ஐஸ்கிரீம் கேட்டார், நாக்கில் தொட்டு வைத்தோம். போட்டோ எல்லாம் தயானி அனுப்புவாள்.

டொக்டரம்மா என்னிடம் ஒளிக்காமல் சொன்னதை நானும் உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். தைப்பொங்கலுக்கு அப்பா இருப்பார் என்று நம்புகிறேன், சித்திரையைப் பற்றி என்னால் சொல்ல முடியாது என்றார். கடைசியில் மூச்சுக்குத் தவிக்க விடமாட்டோம், வீட்டிலேயே இருக்கட்டும், எந்த நேரமும் போன் எடுங்கள் என்று நம்பர் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். இதை எழுதும்போது கண் நிறைகிறதுதான், ஆனால் மாசியில் இருந்த பயம் இப்போது இல்லை. விட்டுவிட்டவர்கள் வீட்டில் இவ்வளவு வேலை இருக்காது தம்பி, ஒருநாள் வந்து பார்த்தால் உனக்கே தெரியும். நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அப்பாவே ஆசைப்பட்டார். திங்களும் செவ்வாயும் இரண்டு மத்தியானம் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, தயானி கொப்பியில் எழுதி, நான் அப்படியே பார்த்து இங்கே எழுதுகிறேன், புள்ளியும் கொம்பும்தான் எங்களுடையது, வார்த்தையெல்லாம் அவருடையது. "அம்மா விடவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். அம்மாவைத் திட்டாதே. சாவுக்கு வராதே. இப்போது வா. நான் இருக்கிறேன்."

ஆகவே பெக்டரியில் இன்றைக்கே லீவு கேள். கார்த்திகையில் வந்தால் நல்லது, மழை இருக்கும், படி வழுக்கும், நல்ல சப்பாத்து போட்டு வா. அழுதுகொண்டு வீட்டுக்குள் வராதே, அவர் உன்னைப் பார்த்துச் சிரித்தால் நீயும் சிரி. குளிருக்குக் காலுறை போட்டுத் தூங்கு, பாணையே மூன்று வேளையும் தின்னாமல் சோறு ஆக்கிச் சாப்பிடு. தயானிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, வந்து வாழ்த்தாவிட்டால் உன்னோடு பேசமாட்டாளாம். நீ போகிற வழியெல்லாம் அம்மன் முன்னால் நடக்கட்டும், உன் கை தொட்ட வேலை எல்லாம் நல்லபடியாக முடியட்டும். அப்பா உன்னை ஆசீர்வதிக்கிறார், கையைத் தூக்க முடியாவிட்டாலும் கண்ணைத் தூக்கினார், நான் பார்த்தேன். டிக்கட் போட்டதும் திகதியைச் சொல், கலண்டரில் வட்டம் போட வேண்டும்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா,
மா. ரெங்கம்மா